சொன்ன வேலையைச் செய்யாத கம்ப்யூட்டர்!
நகல் இருக்கிறது என்று நம்பியவர்கள் ஏமாந்த கதை

2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இரவு.

"கிட்லாப்" என்ற கம்பெனியின் என்ஜினீயர் ஒருவர், ஒரு கம்ப்யூட்டரில் இருந்த தகவல்களை அழிக்க நினைத்தார். தவறுதலாக வேறொரு கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். ஒன்றிரண்டு வினாடிகளில் தவறு தெரிந்தது. உடனே நிறுத்தினார். ஆனால் 300 ஜிகாபைட் தகவலில் மிஞ்சியது நாலரை ஜிகாபைட்தான்!

நகலைத் தேடினார்கள். நகல் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது!

தினமும் தானாக நகல் எடுக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் நகல் எடுக்கும் புரோகிராம் பழையது. தகவல் இருந்த புரோகிராம் புதியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. "வேலை நடக்கவில்லை" என்று கம்ப்யூட்டர் அனுப்பிய ஈ-மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

6 மணி நேரத்துக்கு முன்பு வேறு காரியத்துக்காகக் கையால் எடுத்த ஒரு நகல்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்துத் தகவல் போனது போனதுதான்.

வீட்டிலும் நடக்கலாம்

இதே ஆபத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் உண்டு.

"விண்டோஸ்" கம்ப்யூட்டரில் "டாஸ்க் ஷெட்யூலர்" என்று ஒரு பகுதி இருக்கிறது. "இரவு 10 மணிக்குக் குடும்பப் படங்களை நகல் எடு" என்று அதில் ஒரு முறை ஏற்பாடு செய்தால் போதும். தினமும் வேலை நடக்கும்.

வேலை நடக்கும்போது திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். நடக்காவிட்டாலும் எதுவும் தெரியாது. ஆபத்து அதில்தான் இருக்கிறது!

என்ன காரணம்?

கம்ப்யூட்டரை 9 மணிக்கே அணைத்துவிட்டால் 10 மணி வேலை எப்படி நடக்கும்? மறுநாள் காலையில் போட்டாலும், விட்டுப்போன வேலையை அது தானாகச் செய்துவிடாது. "நேரம் தவறினால், முடிந்தவரை சீக்கிரம் செய்" என்ற பொருளில் "செட்டிங்ஸ்" பகுதியில் ஒரு கட்டம் உண்டு. அதில் குறி போட வேண்டும்.

லேப்டாப் என்றால் மின்சார இணைப்பைப் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது வேலையைத் தொடங்காதே என்ற நிபந்தனை முதலிலேயே போடப்பட்டிருக்கும்.

அடுத்தது பாஸ்வேர்டு. சில வேலைகளுக்குப் பாஸ்வேர்டு கொடுத்து வைத்திருப்போம். பிறகு பாஸ்வேர்டை மாற்றினால், அந்த வேலைக்கும் புதியதைக் கொடுக்க வேண்டும்.

நகல் எடுக்கும் டிஸ்கைக் கழற்றி மாட்டினால் அதன் எழுத்து மாறிவிடலாம். நேற்று "ஈ" என்று இருந்தது இன்று "எஃப்" ஆகிவிடும். பழைய எழுத்தைத் தேடிப்போன வேலை பாதியில் நின்றுவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால், ஒவ்வொரு வேலைக்கும் நேரே "லாஸ்ட் ரன் டைம்", "லாஸ்ட் ரன் ரிசல்ட்" என்று இரண்டு விவரங்கள் இருக்கும். முன்னது, வேலை கடைசியாக ஓடிய நேரம். பின்னது, அதன் முடிவு.

முடிவு பூஜ்யம் என்றால் பொதுவாகத் தடங்கல் இல்லை என்று பொருள். 2 என்றால் தேடிய பைல் கிடைக்கவில்லை. 41303 என்றால் வேலை இன்னும் ஒரு முறைகூட நடக்கவில்லை!

பிறகு "ரன்" என்பதை அழுத்திப் பாருங்கள். இப்போது நடக்கிறது, இரவில் மட்டும் நடப்பதில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் புரோகிராமில் இருக்காது. நேரத்தையும் நிபந்தனைகளையும் சரிபார்க்க வேண்டும்.

பூஜ்யத்தை நம்பலாமா?

முழுக்க நம்பக் கூடாது. புரோகிராம் ஒழுங்காக முடிந்தது என்றுதான் பூஜ்யம் சொல்லும். நகல் எடுக்க வேண்டிய படங்களின் இடத்தைத் தவறாகக் கொடுத்திருந்தால், வேறு எதையோ நகல் எடுத்துவிட்டும் பூஜ்யம் காட்டும்!

ஆகவே மாதம் ஒரு முறை, நகலில் இருந்து ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். கடைசியாக எடுத்த படம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். டிஸ்க் கெட்டுப்போகும் நாளில் அதன் அருமை தெரியும்.