துப்பாக்கியின் உறுப்பும் சட்டத்தின் சொல்லும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருவழியில் உள்ளது பொம்மனஹள்ளி. 2007-ஆம் ஆண்டில் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அது தனி நகராட்சியாக இருந்து வந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. ஆயத்த ஆடை ஆலைக்குச் செல்வோர், வங்கி வாயிலில் காவல் நிற்போர், கடைசல் பட்டறையில் இரும்போடு மல்லாடுவோர் எனப் பலதரத்தார் அவர்கள். இன்று நாம் சொல்லப் புகுந்த செய்தி அவர்களுள் சிறப்பாகக் கடைசல் பட்டறைக்காரரைத் தொடுவது.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். ஊரில் பாட்டனார் உரிமத்தோடு வைத்திருந்த ரைபிள் ஒன்று. அதன் குழல் துருவேறிப் பழுதாகிவிட்டது. பேரன் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பேருந்தேறி வந்து, பட்டறை வைத்திருக்கும் உறவினரிடம், "அண்ணே, இந்தக் குழலை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்கிறான். பம்பின் அச்சு தேய்ந்தால் மாற்றுகிறோம், மோட்டாரின் பேரிங் போனால் மாற்றுகிறோம். இதை மாற்றினால் என்ன குற்றம் என்று அண்ணனுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தக் குழலில் கைவைத்த கணத்திலேயே அவர் ஆயுதச் சட்டத்தின் இரண்டு மூன்று பிரிவுகளுக்குள் கால் வைத்துவிடுகிறார்.

மொழிபெயர்ப்பை அன்றாடத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே முதலில் உறுத்துவது 'மாற்று' என்னும் சொல்தான். பழையதைக் கழற்றிப் புதியதை வைப்பதும் தமிழில் மாற்றுவதே. ஒன்றை வேறொன்றாக ஆக்குவதும் மாற்றுவதே. ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்குக் கொடுப்பதும் மாற்றுவதே. சட்டமோ இவற்றைத் தனித்தனிச் செயல்களாகக் கொள்கிறது: பழுது நீக்கல் ஒன்று, வகைமாற்றம் ஒன்று, கைமாற்றம் ஒன்று. காவல் நிலையத்தில் "குழலை மாற்றினேன், ஐயா" என்று ஒருவர் வெள்ளை மனத்தோடு சொன்னால், அது இம்மூன்றில் எதுவாக எழுத்தில் ஏறும் என்பது எழுதுபவர் புரிந்துகொள்வதைப் பொறுத்தது. ஒரே சொல் மூன்று செயலுக்கும் வழங்குவது பேச்சுக்கு எளிமை; வழக்குக்குத் தொல்லை.

சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1878-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி இயற்றப்பெற்ற 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. அதன் இரண்டாம் பிரிவு, சுடுகருவி இன்னதென வரையறுக்குமிடத்தில், சுடுகருவியின் உறுப்புகளையும் சுடுகருவி என்றே சேர்த்துக்கொள்கிறது. ஆகவே தனியே கிடக்கும் குழலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு துப்பாக்கியே. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்று மூன்றாம் பிரிவு சொல்லும்போது, அந்தக் குழலுக்கும் சேர்த்தே சொல்கிறது. ஐந்தாம் பிரிவோ, சுடுகருவியைச் செய்தல், விற்றல் ஆகியவற்றோடு பழுது நீக்கலையும் சேர்த்து, அதற்கென உரிமம் பெற்றவர் அன்றிப் பிறர் செய்யலாகாது என விதிக்கிறது. கைத்திறன் எவ்வளவு இருப்பினும், அந்த உரிமம் இல்லாத பட்டறை துப்பாக்கிக்கு உரிய பட்டறை ஆகாது.

இனி வகைமாற்றத்துக்கு வருவோம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆயுத விதிகள் சுடுகருவிகளை வகை வகையாகப் பிரிக்கின்றன. இவ்விதிகள் முதலில் 1962-இல் வந்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2016-ஆம் ஆண்டினவை. .303 அங்குலக் குழலுடைய ரைபிளும், படைத்துறையின் .303 தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய பிற ரைபிள்களும் முதல் வகையில் அடங்கும். மக்கள் வழக்கில் இவற்றைத் தடை செய்யப்பட்ட துளையளவு என்பர். படையினரின் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்தலாகாது என்னும் நோக்கம் விதியின் வாசகத்திலேயே தெரிகிறது. மேற்கு வங்கத்து இசாப்பூர்த் தொழிற்சாலையின் .315 ரைபிளோ தனியார் பெறக்கூடிய வகையைச் சார்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்றையொன்று ஒத்த உடன்பிறப்புகளாகவே தோன்றும்; .315-இன் இயங்கமைப்பு .303-இன் அமைப்பைத் தழுவியதே. துளையில் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர். கடைசல்காரர் விரல் நகத்தால் தடவிப் பார்த்தும் உணர இயலாத அந்த இடைவெளியில்தான் வேட்டைத் துப்பாக்கிக்கும் தடையுள்ள துப்பாக்கிக்கும் எல்லைக்கோடு ஓடுகிறது. இவ்வாறே, வழவழப்பான துளையுடைய துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அது மேல்வகைக்கு ஏறிவிடும்.

ஆறாம் பிரிவு தொடக்கத்திலிருந்தே குழலைக் குறுக்குவதையும், போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்குவதையும் உரிமமின்றிச் செய்யக் கூடாதெனத் தடுத்து வந்தது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், விதிகளிற் கூறிய ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதையும் அதே பிரிவில் வெளிப்படையாகச் சேர்த்தது. தண்டனையும் கூடியது. முன்பு மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை இருந்த சிறைத்தண்டனை, இப்போது ஏழாண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை நீளலாம். ஒரு பிற்பகலில் சில நூறு ரூபாய்க் கூலிக்குச் செய்யும் வேலைக்கு இது விலை.

அப்படியானால் துப்பாக்கியின் ஒவ்வொரு திருகாணியும் குற்றமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டம் இதற்கு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. நாற்பத்தைந்தாம் பிரிவின்படி, ஆயுதத்தின் சிறு உறுப்புகளை ஒருவர் வைத்திருப்பதற்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் அவரிடமோ வேறு எவரிடமோ உள்ள இணை உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருத்தலாகாது. 'சிறு' என்பது எது? சட்டம் அதை வரையறுக்கவில்லை. வில்சுருள் சிறிது என்பதை எவரும் ஏற்பர். குழல் சிறிதன்று என்பதையும் ஏற்பர். பிடிக்கட்டையும் போல்ட்டும் இடையில் நிற்கின்றன. மேலும், உறுப்பை விட எண்ணத்தையே சட்டம் பெரிதாக எடைபோடுகிறது. அலமாரியில் கிடக்கும் வில்சுருள் வெறும் வில்சுருள். அண்டை வீட்டுத் துப்பாக்கிக்கென வாங்கி வைத்த அதே வில்சுருளுக்கு இந்த விலக்கு கிட்டாது. இன்னதென அறிந்தே ஒருவர் பொருளை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது. அது உண்மையாகவே அறியாதவருக்கு ஓரளவு துணை. எனினும் ரைபிளையே கையில் வாங்கிக் குழலைக் கழற்றியவர், "இன்னதென்று அறியேன்" என எப்படிச் சொல்வார்?

இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நாம் கொண்ட கொள்கைக்கு எதிரான கொள்கை நிலவுகிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே துப்பாக்கியின் உடற்கூடே துப்பாக்கி; குழலைப் பெரும்பாலும் கடையில் தடையின்றி வாங்கலாம். ஆயினும் சேர்க்கையால் வகை மாறும் தொல்லை அவர்களையும் விட்டபாடில்லை. 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைபிளுக்கு 1934-ஆம் ஆண்டிலேயே அங்கே பதிவும் 200 டாலர் வரியும் விதித்தனர். தாம்சன் சென்டர் என்னும் நிறுவனம் ஒரு கைத்துப்பாக்கியையும், அதை ரைபிளாக்கும் நீண்ட குழலும் கட்டையும் அடங்கிய தொகுப்பையும் விற்றது. கட்டையை மட்டும் மாட்டிக் குறுங்குழலை அப்படியே விட்டால் வரிக்குரிய ரைபிள் ஆகிவிடுமே என்றது அரசு. ஆக்கினால் அல்லவா என்றது நிறுவனம். 1992-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொல் ஐயத்துக்கு இடமளித்தால் பொருளைக் குடிமகனுக்குச் சாதகமாகக் கொள்ளவேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. இங்கிலாந்தோ 2017-இல் இன்னின்ன உறுப்புகள் என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டுவிட்டது: குழல், தோட்டா அறை, சுழலுருளை, உடற்கூடு, பின்புறத்தை அடைக்கும் போல்ட் முதலியன. நம் நாட்டிலும் 'சிறு உறுப்பு' என்பதற்கு இத்தகைய பட்டியலொன்று வருமாயின் பட்டறைக்காரரும் காவலரும் ஒருசேரப் பயனடைவர் என்பது நம் கருத்து.

பேரனிடம் திரும்புவோம். அவன் செய்த முதற்பிழை குழலைப் பற்றியதே அன்று. உரிமம் பாட்டனார் பெயருக்கு உரியது. அவர் காலமான பின் அந்த ரைபிளைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு உரிமம் கோரியிருக்க வேண்டும். தமிழ்நாட்டு மாவட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் குடியிருப்பவனாயின் அங்கே உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். தனக்கே உரிமம் இருந்தாலும், அது செல்லுபடியாகும் எல்லை அதிலேயே எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு அத்திப்பள்ளியைக் கடந்தால், குழல் துருப்பிடித்திருந்தாலும் குற்றமே. உரிமமின்றி வைத்திருந்தவருக்கு 2019-க்குப் பின் இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

உரிமம் கைக்கு வந்தபின் குழலைப் புதுப்பிக்க வழி உண்டு. பழுது நீக்க உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் ரைபிளையும் உரிமப் புத்தகத்தையும் சேர்த்துக் கொண்டு செல்லவேண்டும். துளையளவும் எண்ணும் புத்தகத்தில் குறித்தபடியே உள்ளனவா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். கருவியில் பொறித்த எண்ணை அழிப்பதும் திருத்துவதும் எட்டாம் பிரிவின்படி தனிக்குற்றமாதலால், பழைய குழலில் எண் இருப்பின் அதை அராவி எடுக்க எவரையும் விடலாகாது. பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கோ வேலை இன்னும் எளிது. துணியைப் பிரிக்கும் முன்பே, "தம்பி, இது இங்கே ஆகிற வேலையில்லை, நீ முதலில் காவல் நிலையத்துக்குப் போ" என்று சொல்லி, அதே துணியோடு திருப்பி அனுப்பிவிடலாம்.