ஒருமுறை அனுப்பியதை மறுமுறை அனுப்பாமை



கணினியிற் சேர்த்து வைத்த பதிவேடுகளுக்கு வேறோரிடத்திலும் பிரதி இருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், அதனை நாள்தோறும் எடுப்பவர் சிலரே. இதற்குக் காரணம் சோம்பல் மாத்திரமன்று. 40 கிகாபைட்டு அளவான தரவினை, வினாடிக்கு 10 மெகாபிற்று செல்லும் இணைப்பினூடாக அனுப்ப ஏறத்தாழ 9 மணித்தியாலம் வேண்டும். அன்று புதிதாகச் சேர்ந்தது 400 மெகாபைட்டே எனின், அதனை மட்டும் அனுப்பச் சில நிமிடங்கள் போதுமன்றோ?

இவ்வாறு செய்வதற்கு உதவும் முறை இரட்டிப்பு நீக்கம் எனப்படும். மென்பொருளானது கோப்புகளைத் துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த அடையாள எண் ஒன்றை இடுகின்றது. அவ்வெண் களஞ்சியத்தில் முன்னரே இருப்பின், அத்துண்டம் மீண்டும் சேர்க்கப்படுவதில்லை.

மென்பொருளைத் தெரிவுசெய்வோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, இவ்வொப்பீடு எங்கே நிகழ்கின்றது என்பதாகும். இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, தரவு தன்னிடம் வந்து சேர்ந்த பின்னரே இரட்டிப்பை நீக்குகின்றது. அதனால் வட்டில் இடம் மிஞ்சும். வழியிற் செல்லும் பாரம் குறையாது. நெல்மூட்டைகள் அனைத்தையும் வண்டியேற்றிச் சென்று, களஞ்சிய வாயிலில் வைத்து வேண்டாதவற்றைக் கழிப்பது போன்றது அது. வண்டிக்கூலி மிஞ்சவேண்டுமாயின், புறப்படும் இடத்திலேயே தெரிவு நிகழவேண்டும்.

இரண்டாவது வினா, துண்டங்கள் எவ்வாறு வெட்டப்படுகின்றன என்பது. ஒரே நீளமாக வெட்டினால், கோப்பின் தொடக்கத்தில் ஓரெழுத்துப் புகுந்தாலும் பின்வரும் துண்டங்கள் யாவும் இடம்பெயர்ந்து புதியனவாகத் தோன்றும். உள்ளடக்கத்தைக் கொண்டே எல்லையை வகுப்பின், மாற்றத்தை அடுத்த துண்டங்கள் மட்டுமே புதியனவாகும்.

இவ்விரு தகுதிகளும் உடைய திறந்த மூல மென்பொருள்கள் போர்க், ரெஸ்டிக் என்பன. 2015இல் அற்றிக் என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்தது போர்க். அதன் முதலாம் வரிசைப் பதிப்புகளைத் தொலைவிலுள்ள சேவையகத்தோடு பயன்படுத்துவதற்கு, அங்கும் போர்க் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். ஆதலின், சொந்தமாக லினக்ஸ் சேவையகம் உடையோருக்கு அது பொருந்தும். ரெஸ்டிக் விண்டோஸ் கணினியிலும் இயங்கும்; வாடகைக்குப் பெற்ற மேகக் களஞ்சியத்திலும் நேரே சேமிக்கும். 2022இல் வெளிவந்த 0.14ஆம் பதிப்பிலிருந்து தரவைச் சுருக்கவும் வல்லது.

இவற்றைக் கையாள்வோர் சிலவற்றை மனங்கொள்ளல் நன்று. கோப்புகளை முன்னதாகவே சுருக்கியோ மறைகுறியாக்கியோ கொடுத்தால், சிறு மாற்றமும் முழுவதையும் புதிதாகக் காட்டி, முறையின் பயனைக் கெடுத்துவிடும். பல நாட்களின் பிரதிகளுக்கும் பொதுவான துண்டம் ஒன்றே இருப்பதால், அது பழுதுற்றால் அவை யாவும் பழுதுறும். எனவே இன்னொரு களஞ்சியமும் அவசியம். மறைகுறியாக்கிய களஞ்சியத்தின் கடவுச்சொல்லை இழந்தவர் தரவையும் இழந்தவரே.

இறுதியாக, மாதம் ஒருமுறையேனும் சில கோப்புகளை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்த்த பிரதியே நம்பத்தகுந்த பிரதியாகும்.