போம்பா வண்டியில் பாராமெடிக் வந்தால் என்ன மாறும்?

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன். பலகாரம் வாங்க வரிசையில் நின்ற ஒரு மாமா திடீரென்று சாய்ந்து விழுகிறார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். இன்னொருவர், "காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்கிறார். நீங்கள் 999-ஐ அழைத்து விட்டீர்கள். ஆனால் சாலையைப் பார்த்தால் கார்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அப்போது கூட்டத்தில் ஒரு குரல்: "ஜாலான் ஹங் துவாவுல போம்பா ஸ்டேஷன் இருக்கே, அவங்க வரமாட்டாங்களா?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. போம்பா வீரர்கள் வரலாம். வந்தால் அவர்களால் எந்த அளவுக்குச் சிகிச்சை கொடுக்க முடியும்? மருத்துவமனை அம்புலன்ஸில் வருபவர் செய்வதை அவர்களும் செய்யலாமா? செய்ய வேண்டுமென்றால் என்ன தேவை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

999-ஐ அழைத்தால் யார் எடுக்கிறார்கள்?

ஒரு காலத்தில் போம்பாவுக்கு 994, குடிமைத் தற்காப்புக்கு 991 என்று தனித்தனி எண்கள் இருந்தன. 2007-இல் தொடங்கிய மலேசிய அவசர உதவிச் சேவை இவை எல்லாவற்றையும் 999 என்ற ஒரே எண்ணின் கீழ் கொண்டு வந்தது. கைப்பேசியில் 112 அழுத்தினாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

ஆனால் எண் ஒன்று என்பதால் சேவையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் அழைப்பை முதலில் எடுப்பவர் அழைப்பு மையப் பணியாளர். போலீஸா, போம்பாவா, அம்புலன்ஸா என்று கேட்டு, அந்தந்தத் துறையின் கட்டுப்பாட்டு மையத்துக்கு அதை மாற்றிவிடுவார். அம்புலன்ஸ் என்றால் அது பெரும்பாலும் சுகாதார அமைச்சின் கையில். செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் அம்புலன்ஸ், குடிமைத் தற்காப்புப் படை ஆகியவையும் அம்புலன்ஸ் வைத்திருக்கின்றன. போம்பா முற்றிலும் வேறு அமைச்சின் கீழ் உள்ள துறை.

ஆக, ஒரே எண்ணுக்குப் பின்னால் பல சீருடைகள். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான்.

போம்பா இப்போது என்ன செய்கிறது?

தீயை அணைப்பது மட்டும் போம்பாவின் வேலை என்பது பழைய கதை. 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டத்திலேயே, பேரிடரின்போது உயிரையும் உடைமையையும் காப்பது உள்ளிட்ட மனிதாபிமானச் சேவை அதன் கடமைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 1993 டிசம்பர் 11-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்ததை உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டால் சொல்வார்கள். மீட்புப் பணிக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும் என்பதை நாட்டுக்குப் புரியவைத்த சம்பவம் அது. 1997-இல் துறையின் பெயரிலேயே 'பென்யெலாமாட்', அதாவது மீட்பு, என்ற சொல் சேர்ந்தது.

இன்று கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் நசுங்கி ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால், இரும்பை வெட்டி அவரை வெளியே எடுப்பது போம்பாதான். அந்த நேரத்தில் இரத்தப்போக்கை நிறுத்துவது, கழுத்து அசையாமல் பிடிப்பது, மூச்சுப் பாதையைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்தே நடக்க வேண்டும். இதற்காகவே போம்பாவுக்குள் ஒரு பிரிவு இருக்கிறது. அதன் பெயர் இ.எம்.ஆர்.எஸ், அவசர மருத்துவ மீட்புச் சேவை. சம்பவ இடத்தில் முதல் கட்டச் சிகிச்சை கொடுத்து, பெரும்பாலும் சுகாதார அமைச்சின் குழுவிடம் நோயாளியை ஒப்படைப்பது இவர்கள் வேலை.

இந்தப் பெயரை நம்மில் பலர் முதன்முதலில் கேட்டது ஒரு சோகமான தருணத்தில். 2018 நவம்பர் 27 அதிகாலை, சுபாங் ஜெயாவில் சீஃபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் அருகே கலவரம் நடந்தபோது, எரியும் வாகனத்தை அணைக்கச் சென்ற குழுவில் இருந்தவர் முகமட் அடிப் முகமட் காசிம். வயது 24. சுபாங் ஜெயா நிலையத்தின் இ.எம்.ஆர்.எஸ் பிரிவைச் சேர்ந்தவர். படுகாயமடைந்த அவர் டிசம்பர் 17-இல் இறந்தார். அடிபட்டவருக்கு உதவுவதையே வேலையாகக் கொண்ட ஓர் இளைஞர். இந்தப் பிரிவைப் பற்றிப் பேசும்போது அவரை நினைக்காமல் கடந்துபோக முடியாது.

முதலுதவிக்கும் பாராமெடிக்குக்கும் என்ன வித்தியாசம்?

நாம் பேச்சில் எல்லாரையும் 'பாராமெடிக்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது படிக்கட்டு மாதிரி.

முதல் படியில் இருப்பவர் நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்வார். ஏஇடி கருவியை ஒட்டுவார். அது தானாகவே இதயத் துடிப்பை ஆராய்ந்து, தேவைப்பட்டால் மின்னதிர்ச்சி கொடுக்கும். இரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது, ஆக்சிஜன் கொடுப்பது எல்லாம் இந்தப் படியில் அடங்கும்.

மேல் படியில் இருப்பவர் நரம்பில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவார். ஈசிஜி எடுத்துப் படித்து, இது மாரடைப்பா என்று சொல்வார். மூச்சுக்குழாயில் குழாய் வைப்பார். நின்றுபோன இதயத்துக்கு அட்ரினலின், சர்க்கரை அளவு இறங்கி மயங்கியவருக்கு குளுக்கோஸ், எலும்பு நொறுங்கியவருக்கு வலி மருந்து எல்லாம் சம்பவ இடத்திலேயே கொடுப்பார்.

மலேசியாவில் அரசாங்க அம்புலன்ஸில் இந்த மேல் படியில் இருப்பவர் பொதுவாக உதவி மருத்துவ அதிகாரி. மூன்றாண்டு டிப்ளோமா படித்து, 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டவர். தீயணைப்பு வீரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், சில மாதப் பயிற்சியில் அவர் கையில் அந்த மருந்துப் பெட்டியைக் கொடுத்துவிட முடியாது.

அப்புறம் ஏன் தீயணைப்பு நிலையத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

காரணம் ஒன்றுதான்: நேரம்.

இதயம் நின்றுவிட்டால், நான்கு நிமிடத்துக்குப் பிறகு மூளை பாதிக்கத் தொடங்கும். சிபிஆரும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. பத்து நிமிடம் என்பது கிட்டத்தட்ட முழுக் கணக்கு.

மருத்துவமனைகளை எங்கே கட்டுகிறோம்? மக்கள் வந்து போக வசதியான இடத்தில், பெரிய நிலம் கிடைக்கும் இடத்தில். தீயணைப்பு நிலையங்களை? சுற்றியுள்ள வட்டாரத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்படி, நகரம் முழுக்கப் பரவலாக. அதனால் எந்தப் பெருநகரத்திலும் மருத்துவமனைகளைவிடத் தீயணைப்பு நிலையங்கள் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கிள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. காப்பார் வடக்கே. நடுவில் கிள்ளான் ஆறு, பாலம், துறைமுகத்துக்குப் போகும் லோரிகள். மாலை ஆறு மணிக்கு அந்தப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. ஆற்றின் இரு பக்கமும் போம்பா நிலையங்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் பாராமெடிக் ஒருவர் தயாராக இருந்தால், மருத்துவமனை வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் ஒரு பகுதி நோயாளியிடம் போய்விடும். இதுதான் இந்த யோசனையின் அடிப்படை.

மற்ற நாடுகள் எப்படிச் செய்தன?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1970-இல் 'மெடிக் ஒன்' தொடங்கியது. லெனார்ட் காப் என்ற இதய மருத்துவரும் கார்டன் விக்கரி என்ற தீயணைப்புத் தலைவரும் கைகோத்து, தீயணைப்பு வீரர்களுக்கு ஹார்பர்வியூ மருத்துவமனையில் பயிற்சி கொடுத்தார்கள். கவனியுங்கள்: வண்டி தீயணைப்புத் துறையுடையது, மருத்துவம் மருத்துவருடைய பொறுப்பு. அதோடு நிற்கவில்லை. பொதுமக்களுக்கும் பெரிய அளவில் சிபிஆர் கற்றுக்கொடுத்தார்கள்.

ஜப்பான் கதை நமக்கு இன்னும் பாடம் சொல்லும். அங்கே 1963 முதலே அம்புலன்ஸ் தீயணைப்புத் துறையின் சட்டப்படியான கடமை. ஆனால் பல ஆண்டுகள் அந்தக் குழுவினரால் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடத்தான் முடிந்தது. மருத்துவச் செயல்களுக்கு அனுமதி இல்லை. 1991-இல்தான் அவசர உயிர்காப்புப் பணியாளர் சட்டம் வந்தது. அப்போதும் எல்லாம் ஒரேயடியாகக் கிடைக்கவில்லை. மருத்துவரிடம் அனுமதி கேட்காமலே மின்னதிர்ச்சி கொடுக்க 2003-இல், மூச்சுக்குழாயில் குழாய் வைக்க 2004-இல், அட்ரினலின் கொடுக்க 2006-இல் வழி பிறந்தது. வண்டி வந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகுதான் மருந்து வந்திருக்கிறது.

நம் பக்கத்து வீடான சிங்கப்பூரில் 995-ஐ அழைத்தால் தீயணைப்பு வண்டியையும் அம்புலன்ஸையும் ஒரே அமைப்பு அனுப்புகிறது. 2015-இல் அது 'மைரெஸ்பாண்டர்' என்ற செயலியையும் கொண்டு வந்தது. ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால், 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர்களின் கைப்பேசிக்குத் தகவல் போகும்.

அப்படியென்றால் இங்கே என்ன தேவை?

"புது வண்டி வாங்கினா போதாதா?" போதாது. வண்டி வாங்குவது இதில் சுலபமான பகுதி.

முதலாவது, மருத்துவப் பொறுப்பு. தீயணைப்பு வீரர் போடும் ஊசிக்கு எந்த மருத்துவர் பொறுப்பேற்பார்? எந்த நிலையில் எந்த மருந்து, எவ்வளவு என்ற விதிமுறையை யார் எழுதுவார்? அட்ரினலின் ஆகட்டும், மார்ஃபின் ஆகட்டும், நாட்டின் மருந்துச் சட்டங்களுக்கு உட்பட்டவை. இரண்டு அமைச்சுகள் உட்கார்ந்து பேசி எழுத்தில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

இரண்டாவது, கைப்பழக்கம். மூச்சுக்குழாயில் குழாய் வைப்பது சைக்கிள் ஓட்டுவது மாதிரி இல்லை. செய்யாமல் விட்டால் மறந்துபோகும். நிறைய நோயாளிகளைப் பார்த்தால்தான் திறமை நிற்கும். அதற்கு மருத்துவமனைகளில் தொடர்ந்து பணிச் சுழற்சி வேண்டும்.

மூன்றாவது, ஆள் பலம். பாராமெடிக் ஷிஃப்டில் இருப்பவர் நெஞ்சுவலி அழைப்புக்குப் போயிருக்கும்போது பக்கத்துத் தாமானில் வீடு தீப்பற்றினால்? அமெரிக்காவில் பல நகரங்களில் தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பான்மை இப்போது மருத்துவ அழைப்புகளே. இருக்கிற ஆள்களிடமே கூடுதல் வேலையைச் சுமத்தினால் இரண்டு பக்கமும் ஓட்டை விழும்.

நான்காவது, ஒரே கட்டுப்பாடு. நோயாளிக்கு அருகில் இருப்பது எந்தச் சீருடை என்று அழைப்பு மையத்துக்கு அதே நொடியில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போகும், இன்னோர் இடத்துக்கு ஒன்றும் போகாது.

இதற்கிடையில் செலவு குறைந்த ஒரு நடுவழியும் இருக்கிறது. எல்லாப் போம்பா வண்டியிலும் ஏஇடி, எல்லா வீரருக்கும் நல்ல சிபிஆர் பயிற்சி, இதயம் நின்ற அழைப்பு வந்தால் அம்புலன்ஸோடு சேர்த்துப் பக்கத்துப் போம்பா நிலையத்துக்கும் தகவல். மேல் படி மருத்துவம் அம்புலன்ஸில் வரட்டும். முதல் நிமிடங்களைப் போம்பா காப்பாற்றட்டும். இதயம் நின்றவருக்கு முதலில் வேண்டியவை மருந்து அல்ல, அழுத்தமும் மின்னதிர்ச்சியும்தான்.

அதுவரை நீங்கள்?

மீண்டும் ஜாலான் துன் சம்பந்தனுக்கு வருவோம். எந்தச் சீருடை வந்தாலும், அது வரும் முன் மாமாவின் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் 999-ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: சாலை, கடை எண், எதிரில் என்ன இருக்கிறது. ஃப்ளாட் என்றால் புளோக், மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். யாராவது வண்டிக்குள்ளோ இயந்திரத்திலோ மாட்டிக்கொண்டிருந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்போதுதான் போம்பாவும் சேர்ந்து கிளம்பும்.

பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். களைத்தால் ஆளை மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள். ஒருவரை ஏஇடி தேட அனுப்புங்கள். இன்னொருவரை வண்டிக்கு வழிகாட்டச் சாலை முனையில் நிற்கச் சொல்லுங்கள்.

"கார்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் இதயம் நின்றவரைப் பின்சீட்டில் படுக்க வைத்தால் யாராலும் ஒழுங்காக நெஞ்சை அழுத்த முடியாது. நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அந்த 7 முதல் 10 விழுக்காட்டில் கழியும். வாயில் தண்ணீர், சோடா ஊற்றுவதும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போய்விடும்.

போம்பாவில் பாராமெடிக் வேண்டுமா என்பதை அமைச்சுகள் முடிவு செய்யும். அதற்கு ஆண்டுகள் ஆகலாம், ஜப்பானுக்கு ஆன மாதிரி. சிபிஆர் கற்றுக்கொள்ள உங்களுக்கு ஒரு சனிக்கிழமை காலை போதும். செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் அம்புலன்ஸும் பொதுமக்களுக்கு வகுப்பு நடத்துகின்றன. அடுத்த தீபாவளிக் கூட்டத்துக்கு முன் ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வாங்க. முடிந்தால் வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்க. ஏனென்றால் விழுபவர் நீங்களாகவும் இருக்கலாம்.