அரசர்கள் போன வழியில்: பிராக் நகரில் தனியாக ஒரு நாள்

செக் குடியரசின் தலைநகரான பிராக்கின் முக்கியமான இடங்கள் பெரும்பாலும் ஒரு பழைய ஊர்வலப் பாதையை ஒட்டியே இருக்கின்றன. பொஹீமிய அரசர்கள் முடிசூட்டிக்கொள்ளப் போகும்போது பழைய நகரத்தின் கிழக்கு வாசலில் புறப்பட்டு, சதுக்கத்தைக் கடந்து, வல்தாவா ஆற்றுப் பாலத்தின் வழியே எதிர்க்கரைக் குன்றின் மேலுள்ள கோட்டைக்குச் சென்றார்கள். ‘அரச வழி’ எனப்படும் அது சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். இரண்டாம் உலகப்போர் பல ஐரோப்பிய நகரங்களைத் தரைமட்டமாக்கியபோதும் பிராக்கின் பழைய பகுதி பெரும்பாலும் தப்பியது. அந்த மையப்பகுதி 1992-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தனியாக வருபவருக்கு இது மிகவும் ஏற்ற ஊர். வண்டி பேச வேண்டியதில்லை. வழி தவறினாலும் ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

காலை ஏழு மணிக்கே கிளம்புவது நல்லது. தொடக்கம், 1475-இல் கட்டத் தொடங்கிய வெடிமருந்துக் கோபுரம். அங்கிருந்து செலெட்னா தெரு வழியே பழைய நகரச் சதுக்கத்தை அடையலாம். நகர மன்றத்தின் முன் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிக்காமல் மிதித்துப் போகிறார்கள். அரசரை எதிர்த்து வெள்ளை மலைப் போரில் தோற்ற கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர் 1621 ஜூன் 21-இல் அந்த இடத்தில்தான் கொல்லப்பட்டார்கள்.

பாலத்தைக் கூட்டம் சேரும் முன் பார்த்துவிட வேண்டும். பொஹீமிய அரசர் நான்காம் சார்லஸ் 1357-இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். ஜூலை 9-ஆம் தேதி காலை 5 மணி 31 நிமிடத்துக்கு நாட்டியதாக மரபாகச் சொல்வார்கள். ஆண்டு, நாள், மாதம், நேரம் என்று வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1 என ஏறி இறங்கும் எண்கள் கிடைக்கும். அதற்காகவே அந்த நேரம் குறிக்கப்பட்டதாம். பீட்டர் பார்லர் என்ற சிற்பியின் பொறுப்பில் எழுந்த பாலம் 516 மீட்டர் நீளமுள்ளது. இருபுறமும் நிற்கும் 30 சிலைகளில் பெரும்பாலானவை இப்போது நகல்களே. மூலச் சிலைகள் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. முதலில் வைக்கப்பட்டது, 1683-இல் அமைந்த நேபோமுக் ஜானின் வெண்கலச் சிலை. இந்தப் பாதிரியாரை 1393-இல் அரசர் நான்காம் வென்செஸ்லாஸின் ஆட்கள் ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். அரசி செய்த பாவமன்னிப்பின் ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் கொல்லப்பட்டார் என்பது மக்கள் கதை. வரலாற்று ஆசிரியர்களோ மடாலயத் தலைவர் நியமனத்தில் எழுந்த தகராறைக் காரணமாகக் காட்டுகிறார்கள். சிலையின் அடியிலுள்ள தகடுகள் மக்கள் தொட்டுத் தொட்டுப் பொன்போல் மின்னுகின்றன.

அக்கரையில் நெருடோவா தெரு செங்குத்தாக ஏறுகிறது. 1770-க்கு முன் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. வாசலுக்கு மேல் செதுக்கிய அடையாளமே முகவரி. ‘இரண்டு சூரியன்’, ‘மூன்று வயலின்’ போன்ற சின்னங்களை இன்றும் பார்க்கலாம். ஏற முடியாதவர்கள் 22-ஆம் எண் டிராமில் கோட்டை வரை போகலாம். டிராமிலோ மெட்ரோவிலோ பயணச்சீட்டை எடுத்தால் மட்டும் போதாது. காகிதச் சீட்டை அங்குள்ள கருவியில் நேரம் பதித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பரிசோதகர் அபராதம் விதிப்பார்.

கோட்டைக்குள் பெரும்பகுதி நேரத்தைப் புனித வீட்டஸ் பேராலயத்துக்குக் கொடுக்கலாம். 1344-இல் தொடங்கிய கட்டுமானம் ஹூசைட் எனும் மதப் போர்களால் தடைப்பட்டு, நூற்றாண்டுகள் பாதியில் நின்று, 1929-இல்தான் நிறைவேறியது. அதனால் ஒரே கூரையின் கீழ் பார்லரின் வளைவுகளையும், இருபதாம் நூற்றாண்டு ஓவியர் அல்போன்ஸ் மூகாவின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தையும் காண முடிகிறது. பக்கத்திலுள்ள பழைய அரண்மனையின் சன்னலில் இருந்துதான் 1618-இல் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் கீழே எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். ஆனால் அதிலிருந்து மூண்ட போர் முப்பது ஆண்டுகள் மத்திய ஐரோப்பாவைச் சீரழித்தது.

நண்பகலுக்குப் பின் அதே வழியில் சதுக்கத்துக்குத் திரும்பினால் நகர மன்றச் சுவரிலுள்ள வானியல் கடிகாரத்தை நிதானமாகப் பார்க்கலாம். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், அப்போஸ்தலர்கள் சாளரங்களில் வந்து போவார்கள். அது முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு அமைதியாகத் தெரியும் முகப்புதான். 1410-இல் கடான் ஊர் மிக்குலாஷ் செய்த இந்த இயந்திரம் சூரியன் எந்த ராசியில் இருக்கிறது, நிலவு வளர்பிறையா தேய்பிறையா என்றெல்லாம் காட்டும். வெளி வளையம் பழைய செக் நேரத்துக்கானது. அதில் நாள் என்பது சூரிய மறைவில் தொடங்கும் 24 மணி. மறையும் வேளை தினமும் மாறுவதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் நகர்ந்தபடியே இருக்கிறது.

பிராக்கில் தமிழருக்கும் உறவு உண்டு. நான்காம் சார்லஸ் 1348-இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் கமில் சுவெலபில். அதே ஊரில் பிறந்த அவர், 1968-இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார்.

சாப்பாட்டில் சைவர்களுக்குச் சற்றுச் சிரமம். ‘ஸ்மாஜெனி சீர்’ எனும் பொரித்த பாலாடைக்கட்டியைப் பல கடைகளில் கேட்டு வாங்கலாம். நாணயம் யூரோ அல்ல, கொருனா. மாற்றும் கடை குறைந்த விலை கொடுத்ததாகத் தோன்றினால், ரசீது இருக்கும்வரை மூன்று மணி நேரத்துக்குள் பரிமாற்றத்தை ரத்துசெய்யச் சட்டம் இடம் தருகிறது.

மாலைக்கு முன் பழைய யூதர் குடியிருப்பான யோசெஃபோவ். இடம் போதாமல் அடுக்கடுக்காக மண் கொட்டிப் புதைத்த பழைய இடுகாட்டில் சுமார் 12,000 கற்கள் சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. அதை ஒட்டிய பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. 1968-இல் கூடம் மூடப்பட்ட பின் அந்த எழுத்துகள் அழிந்துபோயின. கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்ததும் 1990-களில் ஒவ்வொரு பெயரையும் மீண்டும் கையால் எழுதினார்கள். இங்கே தனியாக வந்திருப்பது நல்லது. அவசரப்படுத்த யாரும் இல்லாமல் படிக்கலாம்.

யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இந்த இடங்கள் சனிக்கிழமைகளில் மூடியிருக்கும். அன்று வருபவர் மெட்ரோவின் ‘சி’ தடத்தில் ஏறி விஷெஹ்ராட் குன்றுக்குப் போகலாம். இசையமைப்பாளர்கள் ஸ்மெட்டனாவும் துவோர்ஷாக்கும் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.