பூனைகளின் சுவாச நோய்களும் கோவண்டிக் குடியிருப்புகளும்

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில், செம்பூருக்கும் மான்கூர்டுக்கும் இடையே அமைந்துள்ளது கோவண்டி. 1927 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேவ்னார் குப்பை மேடும், 1971 முதல் இயங்கும் தேவ்னார் இறைச்சிக்கூடமும் இதன் சுற்றுவட்டாரத்திலேயே உள்ளன. சிவாஜி நகர், பைங்கன்வாடி ஆகிய குடியிருப்புகளிலும், தமிழ் பேசுவோர் பெருவாரியாக வாழும் அண்மையிலுள்ள சீட்டா முகாமிலும், ஒற்றை அறை வீடுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. குப்பை உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பூனையும் உண்டு. இப்பூனைகளிற் பல ஒருவருக்கும் உரியவையல்ல. ஆயினும் நான்கைந்து வீடுகளில் உணவு பெற்று, அவற்றின் குழந்தைகளோடு உறங்குகின்றன.

இப்பகுதி மக்கள் இருமலைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. காசநோய் இங்கு நெடுங்காலமாக நிலவுகிறது. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் உயிரிழந்தனர். ஆகவே, கண்ணில் பீளையும் மூக்கில் சளியுமாகத் தும்மும் பூனைக்குட்டியைக் கண்டதும் அதனைச் சாக்கில் இட்டு அப்புறப்படுத்த முனைவது இயல்பே. ஆயினும் இவ்வச்சம் ஆதாரமற்றது. தட்டம்மை மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவுவது. பூனைக்கு அதில் பங்கில்லை. பூனைச் சளியை உண்டாக்கும் இரு முக்கிய வைரஸ்களும் மனிதரைத் தொற்றுவதில்லை.

அவ்விரண்டில் ஒன்று பூனை ஹெர்பிஸ் வைரஸ். மற்றொன்று காலிசி வைரஸ். இரண்டும் 1957 ஆம் ஆண்டை ஒட்டி, முன்னது அமெரிக்காவிலும் பின்னது நியூசிலாந்திலும் பிரித்தறியப்பட்டன. இவற்றோடு கிளாமிடியா, போர்டடெல்லா என்னும் பாக்டீரியாக்களும் சில சமயம் சேர்ந்துகொள்கின்றன. இவ்விரு பாக்டீரியாக்களும் மிக அரிதாக மனிதரைப் பாதிப்பதுண்டு. நோயுற்ற பூனையைத் தொட்டபின் கை கழுவ வேண்டும் என்பது இதனாலேயே. ஹெர்பிஸ் தாக்கினால் கண்ணும் மூக்கும் பெரிதும் பாதிக்கப்படும். கருவிழியிற் புண் தோன்றும். காலிசி தாக்கினால் நாவிலும் அண்ணத்திலும் புண்கள் உண்டாகி, பூனை எச்சில் ஒழுகி நிற்கும். சில வேளைகளில் நொண்டவும் செய்யும்.

ஹெர்பிஸ் வைரஸின் தந்திரம் ஒன்றைத் தனியே கூற வேண்டும். நோய் நீங்கிய பின்னும் அது பூனையின் உடலைவிட்டு அகல்வதில்லை. முகத்து நரம்பு முடிச்சில் ஒடுங்கி உறங்குகின்றது. இடமாற்றம், பிரசவம், புதிய பூனையின் வருகை போன்ற அலைக்கழிவு ஏற்பட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் விழித்தெழுந்து மீண்டும் வெளிப்படுகின்றது. தாய்ப்பூனை நலமாகவே தோன்ற, குட்டிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தும்மத் தொடங்குவதன் விளக்கம் இதுவே. பூனையை வேறு தெருவிற் கொண்டுபோய் விடுவதால் நோய் ஒழியாது. அலைக்கழிவு மிகுந்து, அங்குள்ள பூனைகளுக்கும் பரவும்.

வைரஸை ஆன்டிபயாடிக் மருந்துகள் கொல்லா. பின்தொடரும் பாக்டீரியாத் தொற்றுக்கே அவை பயன்படும். அவற்றை மிருக வைத்தியரே தேர்ந்தளிக்க வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தபின் சிறிது தண்ணீரோ உணவோ ஊட்டாவிடில், அது உணவுக்குழலில் தங்கிப் புண்ணாக்கும். கருவிழியிற் புண் இருக்கையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இட்டால் பார்வை போய்விடக்கூடும்.

இவற்றினும் பெரிய ஆபத்து வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ளது. காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்குத் தரும் பாராசிடமாலைப் பூனைக்கும் தந்துவிடுகின்றனர். அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரையிற் பாதியே ஒரு பூனையைக் கொல்லக்கூடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, ஈறுகள் பழுப்பு நிறமடையும். சூடம், தைலம் ஆகியனவும் பூனைக்கு நஞ்சே. தரையிற் பினாயில் தெளிப்பதும் அவ்வாறே. பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கி விழுங்கிவிடும்.

உண்மையில் பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றுவது பணிவிடையே. மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரிவதில்லை; மணம் தெரியாத பூனை உண்பதில்லை; சில நாட்கள் உண்ணாதிருந்தால் ஈரலிற் கொழுப்பு மண்டி உயிருக்கே கேடாகும். ஆகவே வேகவைத்த மீனையோ கோழியையோ உப்பும் மசாலாவும் இன்றி வெதுவெதுப்பாக அளித்தல் வேண்டும். ஈரப்பஞ்சால் கண்ணையும் மூக்கையும் துடைத்து, வெந்நீர் நிறைந்த வாளி வைத்த மூடிய குளியலறையில் பத்து நிமிடம் ஆவி படச் செய்யலாம். வாளியைப் பூனைக்கு எட்டாதபடி வைக்க வேண்டும். இரண்டு நாட்கள் உணவு மறுத்தாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் தாமதமின்றி மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பரேலில் 1883 இல் நிறுவப்பட்ட பாய் சகர்பாய் வைத்தியசாலைக்குக் கோவண்டியிலிருந்து குர்லாவில் ரயில் மாறிச் செல்லலாம்.

ஹெர்பிஸ் வைரஸ் வெளியில் ஒரு நாளளவே தாங்கும். காலிசியோ பல நாட்கள், சில சமயம் ஒரு மாதம்வரை தாங்கும். தட்டுகளையும் தரையையும் சோப்பால் கழுவியபின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லிலிட்டர் சலவைக் குளோரின் திரவம் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்கு அலசி உலர்த்த வேண்டும். தடுப்பூசியைக் குட்டியின் ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறையாகப் பதினாறாவது வாரம்வரை தொடர்வது முறை. தாய்ப்பாலின் எதிர்ப்பாற்றல் முதல் ஊசியைப் பயனற்றதாக்கக்கூடும் என்பதாலேயே மறு ஊசிகள் தேவைப்படுகின்றன. தடுப்பூசி தொற்றை முற்றிலும் தடுப்பதில்லை. நோயின் கடுமையைத் தணிக்கின்றது. வெறிநோய்த் தடுப்பூசி இதனின் வேறானது, அதுவும் இன்றியமையாதது.

பூனையால் மனிதருக்கு ஆபத்தில்லை என்று மேலே கூறியதற்குக் கவனிக்கத்தக்க விலக்கொன்று உண்டு. நாகபுரிக்கு அருகிலுள்ள கோரேவாடா காப்பகத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் மாண்டன. பறவைக் காய்ச்சல் வைரஸே காரணம் என்று அடுத்த மாதம் உறுதியாயிற்று. 2025 இன் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடாவில் வீட்டுப் பூனைகளிலும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. நோயுற்ற பறவையின் பச்சை இறைச்சியைத் தின்பதால் இது பூனைகளைத் தாக்குகின்றது. சந்துதோறும் கோழிக்கடை உள்ள கோவண்டியில் இதனை மறத்தலாகாது. கடைக்கழிவைப் பூனைக்குப் பச்சையாக எறியாமல் நன்கு வேகவைத்தே தர வேண்டும். பறவைகள் மடியும் இடத்தில், மூச்சுத்திணறலோடு வலிப்போ தள்ளாட்டமோ கண்டு பூனைகள் அடுத்தடுத்து இறந்தால், வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளை அண்டவிடாமல், மாநகராட்சியின் கால்நடை அதிகாரிக்கு அன்றே அறிவித்தல் வேண்டும்.