பத்தொன்பது அங்குலப் பிடிவாதம்

பெங்களூரில், மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. கீழே வீட்டுக்காரர்; தெருவுக்கே அவர் அஜ்ஜி, பாட்டி. மாடியில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம். அங்கே ஒரு சர்வர் பொருத்தித் தரப் போயிருந்தேன். ரேக் முன்பே வந்து மூலையில் நின்றிருந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, இரண்டு பேராகத் தூக்கி, ரேக்கின் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தால் முக்கால் சாண் இடிக்கிறது. சர்வரின் நீளம் 75 சென்டிமீட்டர். ரேக்கின் ஆழம் 60. விற்றவர் நெட்வொர்க் ஸ்விட்ச் மாட்டுகிற ரேக்கை அனுப்பியிருந்தார்.

பின்பக்கத் தகட்டை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றார் உதவிக்கு வந்தவர். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." பேருந்து இருக்கையிலிருந்து வாடகை முன்பணம் வரை பெங்களூரில் எந்தப் பஞ்சாயத்தையும் ‘கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்’ என்ற இந்த மூன்று கன்னடச் சொல்லில் முடித்துவிடலாம். ரேக்கிடம் மட்டும் அது பலிக்காது. தகட்டை வெட்டினாலும், சர்வரைத் தாங்கும் தண்டவாளத்தின் பின்முனை போய்ப் பிடிக்கப் பின்தூண் சரியான தூரத்தில் இருக்க வேண்டுமே! ரேக் திரும்பிப் போனது. நான்கு நாள் கழித்து ஒரு மீட்டர் ஆழமுள்ளது வந்தது.

நம் வீட்டு மேஜைக் கணினி தனியாக நிற்கப் பிறந்தது. ரேக் சர்வர் அடுக்கப்படப் பிறந்தது. பீட்சா டப்பா போலத் தட்டையாக, முன்னால் வட்டுகள், நடுவில் விசிறி வரிசை, பின்னால் மின்சாரமும் கேபிளும். முகப்புத் தகட்டின் அகலம், இரு பக்கக் காதுகளையும் சேர்த்து 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை ‘யூ’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு யூ என்றால் 1.75 அங்குலம், 44.45 மி.மீ. நான் கொண்டுபோனது 2யூ சர்வர். ஆள் உயர ரேக் 42யூ. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த அளவு மாறாது.

கணினி பிறப்பதற்கு முன்பே இந்த அளவு பிறந்துவிட்டது. 1920களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் ரிலேக்களை வரிசையாக மாட்ட இரும்புச் சட்டங்கள் செய்தார்கள். 19 அங்குலம் அங்கே நிலைபெற்றது. அதைப் பிறகு வானொலி நிலையங்களும் ராணுவமும் ஆய்வகங்களும் எடுத்துக்கொண்டன. 1965இல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் அதைத் தரநிலையாக எழுதிவைத்தது. சட்டத்தில் அடுக்கும் இந்தத் தொழில் பெங்களூருக்கும் பழையது. 1948இல் இங்கே தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸில் இரும்புச் சட்டங்களில் ஸ்விட்சுகளை அடுக்கித்தான் நாட்டின் தொலைபேசி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். மல்லேஸ்வரத்தை ஒட்டியே இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா என்ற மீக்கணினியின் திறன் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்குகள். பெயரைக் கேட்டால் ஏதோ ஒற்றைப் பெரிய மூளை என்று தோன்றும். அருகே போனால் கதவு போட்ட அலமாரிகளின் வரிசைதான். உள்ளே எங்கள் தணிக்கை அலுவலகப் பெட்டியின் உறவுக்காரர்கள்.

ரேக் மாடியேறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிக்கட்டு பாதியில் திரும்புகிறது. கதவையும் பக்கத் தகடுகளையும் கழற்றிவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் ஏற்றினோம். அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்றதும் அஜ்ஜி மேலே வந்துவிட்டார். அவர் மாமனார் காலத்து ரெட் ஆக்ஸைடு தரை. கண்ணாடி போல இருந்தது. அதில் ஒரு ஓட்டை விழக்கூடாது என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. என் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சர்வரை மேஜை டிராயர் மாதிரி முன்னால் முழுக்க இழுத்துத்தான் பழுது பார்ப்பார்கள். இழுத்த நிலையில் கிட்டத்தட்ட அரை மூட்டை சிமென்ட் எடை முன்னால் தொங்கும். காலி ரேக்காக இருந்தால் அப்படியே குப்புறக் கவிழும். கடைசியில் ரேக்கின் முதுகைச் சுவரோடு இறுக்கினோம், முன்னால் முட்டுக்கால் வைத்தோம், எடை மிகுந்த யூபிஎஸ்ஸையும் அதன் பேட்டரியையும் அடித்தட்டில் வைத்தோம். கனமானது கீழே, லேசானது மேலே. பரணில் சாமான் அடுக்கத் தெரிந்த யாருக்கும் இது புதிதில்லை.

அடுத்தது துளைக் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. ரேக்கின் தூணில் மேலிருந்து கீழ்வரை சதுரத் துளைகள். பார்த்தால் ஒரே இடைவெளி போலத் தெரியும். உண்மையில் 15.9 மி.மீ., 15.9 மி.மீ., பிறகு 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். ஒரு யூவுக்கு மூன்று துளை. நெருக்கமாக நிற்கும் இரண்டு துளைகளின் நடுவேதான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல் ஒரு துளை தள்ளி மாட்டினால் முதல் பெட்டி ஒழுங்காகவே உட்காரும்; அதற்கு மேல் வருவது அரை விரல் இடிக்கும். என் முதல் வருடத்தில் மூன்று பெட்டிகளை மாட்டி முடித்த பிறகு நான்காவது நுழையாமல் போய், எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறேன். இப்போதெல்லாம் யூ எல்லையைக் குறிக்கக் கையில் மார்க்கர் இல்லாமல் ரேக்கைத் தொடுவதில்லை.

சதுரத் துளையில் திருகு ஏறாது. முதலில் கேஜ் நட் போட வேண்டும். இது சிறு கூண்டுக்குள் ஆடிக்கொண்டிருக்கும் எம்6 நட். கூண்டின் ஒரு இறக்கையைத் துளையில் செருகி, மறு இறக்கையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உள்ளே தள்ள வேண்டும். அது எஃகு வில் போல எதிர்க்கும். விட்டால் தெறித்து ரேக்கின் அடியில் ஓடி ஒளியும். இந்தத் தொழிலில் நகக்கண் கிழியாதவர் இருக்க முடியாது. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் இந்த நட்டைப் பொட்டலமாக விற்கிறார்கள். தேவைக்கு இருமடங்கு வாங்கிக்கொள்வது என் வழக்கம். சர்வருக்கு இந்த அவதி இல்லை. அதன் தண்டவாளம் துளையில் கொக்கியாகக் கவ்விக்கொள்ளும். அதில் இடது, வலது, முன், பின் என்று அச்சிட்டிருப்பதைப் படித்தால் போதும். படிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

பெட்டி உட்கார்ந்தாயிற்று. இனி மின்சாரம். எனக்கு வாய்த்த எலக்ட்ரீஷியன் ஸ்ரீராமபுரத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று மீட்டரை வைத்தார். ஒன்று, இரண்டு வோல்ட்டோடு நிற்க வேண்டியது 28 காட்டியது.

"என்னண்ணா, எர்த்தே இல்லையா?"

"பச்சை ஒயர் இருக்கு சார். அது எங்க போகுதுன்னுதான் தெரியல."

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். குளியலறைச் சுவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டியிருந்தது. இரும்புக் குழாய் இருந்த காலத்தில் யாரோ செய்த ஏற்பாடு. குழாய் துருப்பிடித்ததும் பிளம்பர் வந்து மண்ணுக்குள் போகும் பகுதிக்கு பிவிசி போட்டுவிட்டார். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. பச்சை ஒயர் எத்தனையோ வருடமாக வெறுமனே அலங்காரமாக இருந்திருக்கிறது. சர்வரின் உலோக உடம்பில் கசியும் சிறு மின்சாரம் இறங்க வழி வேண்டும். இல்லாவிட்டால் தொட்டால் சுருக்கென்று இழுக்கும், வட்டுகள் காரணம் தெரியாமல் பிழை காட்டும், ஆளுக்கே ஆபத்து வரலாம். காம்பவுண்டு ஓரத்தில் குழி தோண்டினோம். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டோம். மண் ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் இறங்கும். உப்பு ஈரத்தை ஈர்த்து வைக்கும், கரி அதைப் பிடித்து வைக்கும். கோடையில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் அஜ்ஜியிடம் கன்னடத்தில் விளக்கினார். செண்பகச் செடி அங்கேதானே இருக்கிறது, அதற்கு ஊற்றும்போது இதற்கும் ஊற்றிவிட்டால் போகிறது என்றார் அஜ்ஜி.

சர்வருக்குப் பின்னால் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று செத்தாலும் மற்றது சுமையை ஏற்றுக்கொள்ளும். இரண்டு ஒயரையும் ஒரே பலகையில் சொருகிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகை போனால் இரண்டும் போகும். நாங்கள் ஒன்றை யூபிஎஸ் வழியாகவும் மற்றதைத் தனி சர்க்யூட்டிலும் கொடுத்தோம்.

பொத்தானை அழுத்தியதும் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. விசிறிகள் எல்லாம் ஒரு சில நொடி முழு வேகத்தில் சுழன்று விமானம் கிளம்புவது போல அலறும், பிறகு அடங்கும். அதற்கடுத்து வருவது இன்னும் கொடுமை: கருப்புத் திரை. புதிய சர்வர் முதல் தடவை தன் நினைவகத்தைச் சரிபார்த்துப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் பதறி அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைக்கிறவர்கள் உண்டு. நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

காற்றுக்கும் இங்கே ஒரு பாதை உண்டு. முன்னால் குளிர்ந்த காற்று நுழைந்து பின்னால் சூடாக வெளியேறும். எங்கள் சர்வர் சராசரியாக 350 வாட் தின்கிறது. துணி தேய்க்கும் பெட்டியின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இது இரவு பகல் ஓயாமல் ஓடும், வருடத்துக்கு 3,000 யூனிட்டைத் தாண்டும். அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ரேக்கில் காலியாக விட்ட இடங்களை வெற்றுத் தகடுகளால் மூடாவிட்டால் பின்னால் போன சூடு அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து, சர்வர் தன் மூச்சையே தான் இழுக்கும். உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்கிறது பொறியாளர்கள் கைக்கொள்ளும் ஆஷ்ரே வழிகாட்டி. பெங்களூர் குளிர்ச்சியான ஊர்தானே, ஏசி எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்று குறைவான சூட்டைத்தான் சுமந்து போகும். சர்வர் கையேடுகளில் 900 மீட்டர் உயரத்தை ஒட்டி ஒரு குறிப்பு இருக்கும்: அதற்கு மேலே போகப் போகத் தாங்கும் வெப்பநிலையைக் குறைத்துக் கணக்கிடுங்கள் என்று. மல்லேஸ்வரம் சரியாக அந்த வாசலில் நிற்கிறது.

வட்டுகள் நான்கு, ஒவ்வொன்றும் 4 டெராபைட். மொத்தம் 16 என்று அலுவலகம் கணக்குப் போட்டிருந்தது. நான் அதை ரெய்டு 6 முறையில் கட்டி 8 டெராபைட் ஆக்கிக் கொடுத்ததும் ஏமாற்றம். பாதி இடம் எங்கே போனது? அது உயிர்க்காப்பீட்டுப் பிரீமியம். தகவலோடு அதை மீட்டெடுக்கும் கணக்கும் நான்கு வட்டிலும் பரவிக் கிடப்பதால், எந்த இரண்டு வட்டு செத்தாலும் வேலை நிற்காது. ஆனால் யாராவது தெரியாமல் ஒரு கோப்பை அழித்தால் ரெய்டு அந்த அழிப்பையும் நான்கு வட்டிலும் விசுவாசமாகச் செய்து முடிக்கும். அதனால் பேக்கப் வேறு, அதுவும் வேறு கட்டடத்தில்.

சர்வருக்குள்ளேயே இன்னொரு குட்டிக் கணினி இருப்பது பலருக்குத் தெரியாது. டெல் அதை ஐடிராக் என்றும் எச்பிஇ ஐஎல்ஓ என்றும் அழைக்கின்றன. சர்வர் அணைந்திருந்தாலும் மின் ஒயர் சொருகியிருந்தால் இது விழித்திருக்கும். இதற்குத் தனி நெட்வொர்க் துளை உண்டு. எங்கிருந்தாலும் இதன் வழியாக சர்வரை ஏற்றலாம், அணைக்கலாம், திரையைப் பார்க்கலாம், உள்ளே நுழையும் காற்றின் சூட்டைக்கூட அறியலாம். இத்தனை அதிகாரமுள்ளதன் கடவுச்சொல் சர்வரின் முகப்பிலிருந்து இழுக்கும் ஒரு சின்னச் சீட்டில் அச்சிட்டிருக்கும். நான் முதலில் மாற்றுவது அதைத்தான். இதை வெளி இணையத்தில் திறந்துவிடுவது வாசலைத் திறந்துவைத்துத் தூங்குவதற்குச் சமம். அலுவலகத்தின் மற்ற கணினிகள்கூடத் தொடாதபடி விலான் என்ற தனி உள்வலையில் வைத்தேன்.

மீதி வேலை எழுத்தர் வேலை. சர்வருக்கு நிலையான முகவரி: 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்களில் ஒன்று. இணைய இணைப்பு கொடுத்த ரவுட்டர் அதே எண்ணை யாரோ ஒருவரின் கைபேசிக்குத் தராதபடி ஒதுக்கிவைக்க வேண்டும். கடிகாரத்தை என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை வழியாக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு கோத்தோம். நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களை இப்படி அரசின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. தணிக்கைக்காரர்கள் என்பதால் இதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

கடைசி ஒரு மணி நேரம் கேபிளுக்கு. ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டி, வெல்க்ரோவால் கட்டினேன். பிளாஸ்டிக் டை இறுக்கினால் உள்ளே முறுக்கிய கம்பிகள் நசுங்கும். பின்னால் ஒரு வளையம் தளர்வாக விட்டேன், சர்வரை இழுக்கும்போது கூடவே வர.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே ஐடிராக்கைத் திறந்து பார்த்தேன். உள்ளிழுக்கும் காற்று 24 டிகிரி, இரண்டு பவர் சப்ளையும் பச்சை, நான்கு வட்டும் நலம். அதில் தெரியாத ஒன்றைக் கேட்க அஜ்ஜிக்குப் போன் போட்டேன். காலையிலேயே ஊற்றியாகிவிட்டதாம், செண்பகத்துக்கு ஒரு வாளி, கம்ப்யூட்டருக்கு ஒரு வாளி.