ஓடுகள் இல்லாத அடுக்கு

செங்கடலின் அடித்தரையில் நீண்ட இரும்புக் குழாயை இறக்கி, அதில் சிக்கிய சேற்றைத் தண்டு போல வெளியே எடுத்து, மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகக் கழுவிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஓர் ஆழத்தில் மிதவை உயிரிகளின் ஓடுகள் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. அதற்கு மேலேயும் இருக்கின்றன, கீழேயும் இருக்கின்றன. நடுவில் மட்டும் காணோம். அந்த வெற்று அடுக்கு சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் படிந்தது. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த காலம். உலகக் கடல்கள் இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தன.

ஓடுகளுக்குச் சொந்தக்காரர்கள் ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகள். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, அறைமேல் அறையாக ஓடு கட்டிக்கொள்பவை. மிதக்கும் இனங்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஆயிரக்கணக்கான இனங்கள் கடலடியிலேயே வாழ்கின்றன. ஐம்பதுக்குள்தான் நீரில் மிதந்து திரிகின்றன. மிதக்கும் இந்தச் சிறுபான்மைதான் எண்ணிக்கையில் அபாரம். வாழ்வு சில வாரங்கள். இனப்பெருக்கம் முடிந்ததும் உடல் கலைந்துபோக, காலி ஓடு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பலின் ஆய்வாளர்கள், ஆழ்கடல் தரையின் பெரும்பரப்பு இந்த ஓட்டுச் சேற்றால் மூடப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இவை அடியில் வாழ்ந்தவையா, மேலிருந்து விழுந்தவையா என்று அப்போது பெரிய வாக்குவாதம். மேல்நீரில் வலை இழுத்துப் பார்த்ததில் உயிருள்ளவை சிக்கின, வாதம் முடிந்தது.

ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சேறுதான் சேரும். ஆகவே பத்து மீட்டர் தண்டுக்குள் பல லட்சம் ஆண்டுகள் அடங்கிவிடும். துண்டு துண்டாக வெட்டிய சேற்றை நுண்சல்லடையில் அலசி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் கறுப்புத் தட்டில் பரப்புவார்கள். ஈரம் தொட்ட மெல்லிய தூரிகை நுனியால் வேண்டிய இனத்தின் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். மாதக்கணக்கில் ஆராய்ச்சி மாணவர்களின் முதுகை ஒடிக்கும் வேலை இது. பொறுக்கிய ஓடுகளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். அதிலுள்ள ஆக்சிஜனை நிறைமாலைமானி எடை பிரித்து அளக்கும்.

எதற்கு ஆக்சிஜன்? கடல்நீரில் உள்ள ஆயிரம் ஆக்சிஜன் அணுக்களில் சுமார் இரண்டு மட்டும் கனமானவை, எடை 18. மற்றவை அநேகமாக எல்லாம் 16. நீர் ஆவியாகும்போது லேசானது எளிதில் மேலேறுகிறது. மழையாகப் பெய்து ஆறாக ஓடித் திரும்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும். பனியாக விழுந்து வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிலோமீட்டர் கணக்கில் உறைந்து நின்றுவிட்டால்? லேசான ஆக்சிஜன் நிலத்தில் சிறைப்பட, கடலில் கனமானதன் பங்கு கூடுகிறது. அந்த நீரில் கட்டப்பட்ட ஓட்டிலும் கூடுகிறது. கடல் 10 மீட்டர் இறங்கினால் ஆயிரத்தில் 0.1 என்ற அளவில் மாற்றம். சொற்பம்தான், ஆனால் அளக்க முடிந்த சொற்பம்.

சிக்கல் என்னவென்றால், குளிர்ந்த நீரில் கட்டப்படும் ஓட்டிலும் கனமான ஆக்சிஜன் கூடும். குளிரும் பனியும் ஓட்டின் எண்ணை ஒரே பக்கம் தள்ளுகின்றன. சிகாகோவில் ஹெரால்ட் யூரேயின் ஆய்வகத்தில் பயின்ற இத்தாலியர் செசாரே எமிலியானி, 1955இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் வெப்பநிலையின் கணக்கில் எழுதினார். கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் ஷேக்கிள்டன் 1967இல் அதை மறுத்தார். அவர் தர்க்கம் எளிமையானது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. ஆழ்கடல் தரையில் நீர் இப்போதே உறைநிலைக்கு அருகில்தான் இருக்கிறது. பனியுகத்தில் அது இன்னும் எவ்வளவுதான் குளிர்ந்திருக்க முடியும்? அப்படியிருந்தும் அடியில் வாழ்ந்த இனங்களின் ஓட்டிலும் மேலே மிதந்தவற்றின் ஓட்டிலும் மாற்றம் ஏறக்குறைய ஒரே அளவு. எனவே பெரும்பங்கு பனியுடையது. அடியில் வாழும் இனங்களின் ஓடுகள் அரிதாகவே கிடைக்கும் என்பதால், மிகச் சிறிய மாதிரியையும் அளக்கும்படி அவர் தன் கருவியைத் தானே மேம்படுத்தவேண்டியிருந்தது. (கிளாரினெட் வாசிப்பவர், பழைய கிளாரினெட்டுகளைத் தேடிச் சேர்த்தவர், கருவிகளோடு மல்லுக்கட்டுவது அவருக்குப் புதிதல்ல.) ஆழ்நீரும் சில டிகிரி குளிர்ந்திருந்தது என்று பின்னால் தெரியவந்தது. ஆக, திறந்த கடலின் ஓடு எத்தனை பேசினாலும் பனியையும் குளிரையும் கலந்தே பேசுகிறது.

இங்கேதான் செங்கடல் கைகொடுக்கிறது. அதில் சொல்லும்படியான ஆறு எதுவும் கலப்பதில்லை, மழையும் கிட்டத்தட்ட இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நீர் ஆவியாகிறது. இழப்பை ஈடுகட்ட ஏடன் வளைகுடாவிலிருந்து பாப் எல் மண்டெப் நீரிணை வழியாக மட்டுமே நீர் வரவேண்டும். அந்த வழியில் ஹனிஷ் தீவுகளுக்கு அருகே கடலடி மேடு ஒன்று குறுக்கே கிடக்கிறது. அதன்மேல் இன்று நீரின் ஆழம் 137 மீட்டர்தான். வெளிக்கடல் 120 மீட்டர் இறங்கினால் மேட்டின்மேல் மிஞ்சுவது பதினேழோ என்னவோ. தூத்துக்குடி உப்பளத்தில் வாய்க்கால் மடையைப் பாதிக்குமேல் அடைத்துவிட்டு வெயிலில் காயவிட்டது போலத்தான். உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளியேற வழியில்லாமல் நெடுங்காலம் தங்குகிறது. தங்கத் தங்க உப்பும் ஏறுகிறது, கனமான ஆக்சிஜனும் ஏறுகிறது. திறந்த கடலில் ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் மாற்றம் இங்கே பல மடங்கு பெருத்துவிடுகிறது. குளிரின் பங்கு அதற்கு முன் சிறுத்துப்போகிறது.

வெற்று அடுக்கின் காரணமும் இதுதான். குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற இனம் உப்பைத் தாங்குவதில் கெட்டிக்காரன். ஆய்வகத்தில் ஆயிரத்துக்கு 49 பங்கு உப்புவரை உயிர் பிழைத்திருக்கிறது. சாதாரணக் கடலில் 35. பனியுக உச்சத்தில் செங்கடலின் உப்பு 50ஐத் தாண்டியது. ரூபரும் கைவிட்டது. எல்கோ ரோலிங்கும் குழுவினரும் 1998இல் இந்த இல்லாமையையே சான்றாகக் கொண்டு, கடந்த 5 லட்சம் ஆண்டுகளில் கடல் மிகத் தாழ்ந்த கட்டங்களை மதிப்பிட்டார்கள். மடை எப்போதாவது முழுக்க மூடியிருந்தால் செங்கடல் வற்றித் தடித்த உப்பு அடுக்கை விட்டுச் சென்றிருக்கும். அந்த 5 லட்சம் ஆண்டுச் சேற்றில் அப்படி ஒன்றில்லை. ஆகவே ஆதி மனிதர் அங்கே தரைவழியாக அரேபியாவுக்குக் கால்நனையாமல் கடந்தார்கள் என்ற கருத்து நிற்கவில்லை. நம் பாக் நீரிணையின் கதை வேறு. ஆழமே சொற்பம் என்பதால், அதே காலத்தில் இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.

ஓடுகள் கிடைக்கும் அடுக்குகளிலோ இல்லாமையை விட்டு எண்களுக்குப் போகலாம். 2003இல் மார்க் சிடால் முதலியோர் நீரிணையில் நீர் புகுந்து வெளியேறும் கணக்கை மாதிரியாக எழுதி, ரூபர் ஓட்டின் எண்ணைக் கடல்மட்டமாக மாற்றினார்கள். பிழை 12 மீட்டர் இப்படியோ அப்படியோ. பனியுகத்தின் நடுவிலேயே கடல் 35 மீட்டர்வரை ஏறி இறங்கியதும், சில வேளை ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தை எட்டியதும் தெரிந்தது. பனிப்படலம் அசைய மனமில்லாத மலை என்ற எண்ணத்தை அது கலைத்தது. பார்படாஸ் தீவருகே மூழ்கிக் கிடந்த பவளங்களைத் துளைத்து ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ் 1989இல் பனியுக உச்சத்துக்குக் கணித்த 121 மீட்டரோடு செங்கடல் கணக்கு ஒத்துப்போகிறது. முற்றிலும் வேறு வழியில் வந்த எண் என்பதால் அந்த ஒற்றுமைக்கு மதிப்பு அதிகம்.

நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் இந்த முறை தடுமாறும். மடை அகலத் திறந்துவிட்டால், மேலும் சில மீட்டர் ஏறினாலும் உப்பு அதிகம் மாறாது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்திய வெதுவெதுப்பான காலத்தில் கடல் நூற்றாண்டுக்குச் சராசரி 1.6 மீட்டர் ஏறியது என்று ரோலிங் குழு 2008இல் சொன்னதை, இதனால்தான் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும் என்பது என் கருத்து. பத்து இருபது சென்டிமீட்டர் நுட்பம் வேண்டுவோர் கரையோரச் சதுப்புகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே மண்ணில் வாழும் ஃபோராமினிஃபெரா இனங்கள், ஓதம் தொடும் உயரத்துக்கு ஏற்ப வரிசை பிரித்து வசிக்கின்றன. எந்த இனம் எந்த ஆழத்தில் புதைந்திருக்கிறது என்று பார்த்தால் பழைய கடல்மட்டம் தெரியும். ஆனால் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் அந்தச் சதுப்பு மண் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.